எலிக்காய்ச்சல் ஊசி: மாட்டுக்கு எது, நாய்க்கு எது, குப்பில என்ன பாக்கணும்

எடவப்பாதி மழைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, அதனாலதான் இப்பவே எழுதறேன், மழை விழுந்து தொழுவத்துல தண்ணி நின்னதுக்கப்புறம் ஊசியப் பத்தி பேசி பிரயோஜனம் இல்ல. பாலக்காட்டு ஜில்லால கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் இந்தப் பக்கம் மாடு கட்டிப் பொழைக்கிறவங்க, வீட்டுக்கு காவலா நாய் வெச்சிருக்கறவங்க, எல்லாரும் ஒரு தடவ படிச்சிருங்க. மலையாளத்துக்காரங்க எலிப்பனின்னு சொல்றது, நாம எலிக்காய்ச்சல்ங்கறது, டாக்டர் சீட்டுல லெப்டோன்னு எழுதறது எல்லாம் ஒண்ணுதான்.

மொதல்ல எங்க வீட்ல நடந்தத சொல்லிடறேன். ரெண்டு வருசம் முன்ன ஆடி மாசம், ஜெர்சி கிராஸ் ஒண்ணு, காலைல ஆறரை லிட்டர் கறந்துட்டு இருந்தது, திடீர்னு ஒரு நாள் ஒன்னரை லிட்டர். மடிநோய்னு நெனச்சு கைய வெச்சுப் பாத்தா வீக்கமும் இல்ல கல்லாட்டம் இறுகவும் இல்ல, நாலு காம்புலயும் மடி தொளதொளன்னு காலிப் பை மாதிரி தொங்குது. பால் மஞ்சளா கெட்டியா, கன்னு போட்டு ரெண்டாம் நாள் சீம்பால் மாதிரி. ஒடம்பு மட்டும் நல்லா சுட்டுச்சு. நான் மடிக்குள்ள ஏத்துற ட்யூப் வாங்கி ஏத்தினேன், ஒரு வாரம் பத்து நாள்ல பால் கொஞ்சம் கொஞ்சமா திரும்ப வந்துச்சு, ட்யூப்லதான் சரியாச்சுன்னு நம்பிட்டேன். அடுத்த மாசம் பக்கத்து கட்டுத்தறில நின்ன ஏழு மாச சினை மாடு கன்னு வீசிருச்சு. அப்பத்தான் டாக்டரம்மா ரத்தம் எடுத்து அனுப்பினாங்க, ரிசல்ட்ல ஹார்ஜோன்னு ஒரு பேரு வந்துச்சு. நான் கேட்டது இதுதான்: "மேடம், எங்க நாய்க்கு லெப்டோ ஊசியெல்லாம் போட்டுருக்கேனுங்க, அப்புறம் எப்படி தொழுவத்துக்குள்ள வந்துச்சு?" அவங்க சொன்னாங்க, "அது வேற லெப்டோங்க, இது வேற."

அந்த ஒரு வரிய புரிஞ்சுக்கத்தான் இவ்ளோ எழுதறேன்.

லெப்டோஸ்பைராங்கறது சுருள் சுருளா இருக்கற ஒரு பாக்டீரியா, ஒரு முனையோ ரெண்டு முனையுமோ கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும். ஜப்பான்ல 1915ல இதத்தான் நோய்க்குக் காரணம்னு கண்டுபுடிச்சாங்க. நோய் உண்டாக்குற லெப்டோலயே 250க்கு மேல வகை இருக்கு, ஒவ்வொரு வகைக்கும் செரோவார்னு பேரு. இப்ப ஊசி எப்படி வேலை செய்யுதுன்னா, செத்த கிருமிய ஒடம்புக்குள்ள விட்டு அதோட மேல்தோல ஒடம்புக்கு அடையாளம் காட்டறது, அவ்ளோதான். அந்த மேல்தோல்தான் செரோவாருக்கு செரோவார் மாறுது. கேனிகோலா ஊசி போட்ட நாய் கேனிகோலாவ அடையாளம் புடிக்கும், வேற குடும்பத்து செரோவார் வந்தா பாதுகாப்பு கெடைக்கும்னு நம்பிட முடியாது. கோமாரி ஊசிலயும் இப்படித்தான், ஓ டைப், ஏ டைப், ஏசியா ஒண்ணுன்னு சேர்த்துத்தான போடறாங்க, அத நெனச்சுக்குங்க, டக்குனு புரியும்.

அடுத்தது, ஒவ்வொரு செரோவாருக்கும் ஒரு சொந்த வீடு இருக்கு. ஹார்ஜோவுக்கு வீடு மாடு. மாட்டோட சிறுநீரகத்துல போய் உக்காந்துக்கிட்டு மாசக்கணக்குல சில சமயம் அதுக்கும் மேல மூத்திரத்துல வந்துட்டே இருக்கும், கருப்பைலயும் தங்கும், ஆனா மாடு பாக்க நல்லா தின்னுட்டு அசை போட்டுட்டு நிக்கும். கேனிகோலாவுக்கு வீடு நாய். இக்டெரோஹெமரேஜியேன்னு வாயில நுழையாத ஒரு பேரு, அதுக்கு வீடு எலி, பெருச்சாளி. பொமோனா பன்னில தங்கறது, மாட்டுக்கு வந்தா மொத்தமா நாலஞ்சு மாடு வரிசையா கன்னு வீசும், சின்னக் கன்னுக்கு வந்தா மூத்திரம் காப்பி டிகாஷன் கலர்ல போகும். கிரிப்போடைபோசா வயக்காட்டு எலி மாதிரி காட்டுப் பிராணிங்ககிட்ட இருந்து வரும், நாய் மாடு ரெண்டுக்கும் வரும். சொந்த வீட்டுல இருக்கறப்ப கிருமி அமைதியா இருக்கும், அடுத்தவன் வீட்டுக்குள்ள போறப்பதான் ஆர்ப்பாட்டம் பண்ணும். எலியோட வகை நாய்க்கு வந்தா கண்ணு மஞ்சளாகி வாந்தி எடுத்து கிட்னி போயி செத்தே போகலாம், எலி என்னமோ நல்லாத்தான் ஓடிட்டு இருக்கும். ஹார்ஜோ மாட்ட கொல்லாது, பாலையும் கன்னையும் சினைப் புடிக்கறதையும் தின்னும்.

ஹார்ஜோலயே ரெண்டு தினுசு இருக்கு, அதுல ஹார்ஜோ போவிஸ்ங்கறது வெளிய தண்ணில ரொம்ப நாள் தாங்காது, மாட்டுல இருந்து மாட்டுக்கு பெரும்பாலும் நேரா மூத்திரம் தெறிச்சுத்தான் போகும். எலி வகைங்க அப்படி இல்ல, நெழல்ல ஈரமா கெடந்தா சேத்துலயும் தண்ணிலயும் வாரக்கணக்குல உயிரோட இருக்கும். அதனால எலிய மட்டும் புடிச்சா மாட்டு லெப்டோ நிக்காது, மாட்ட மட்டும் பாத்தா நாய்க்கும் நமக்கும் வர்றது நிக்காது. ரெண்டும் ரெண்டு வேலை.

நாய் ஊசிக்கு வருவோம், இதுலதான் நம்ம ஆளுங்க அதிகமா ஏமாறுறாங்க. கடையில செவன் இன் ஒன், நைன் இன் ஒன்னு சொல்லுவாங்க, நம்பர் பெருசா இருந்தா நல்ல ஊசின்னு நெனச்சு வாங்கறோம். நம்பர எண்ணாதீங்க, பேர படிங்க. ரொம்ப காலமா வர்ற ஊசில லெப்டோ ரெண்டே வகைதான், கேனிகோலாவும் இக்டெரோஹெமரேஜியேவும். நாலு வகை ஊசின்னா அதோட கிரிப்போடைபோசாவும், கம்பெனியப் பொறுத்து பொமோனாவோ ஆஸ்ட்ராலிஸ் குடும்பமோ சேரும். ரெண்டு வகை ஊசிய பல வருசம் போட்ட நாடுகள்ல அந்த ரெண்டும் நாய்ங்ககிட்ட கொறைஞ்சு மத்த வகைங்க தலை தூக்குச்சு, அதனாலதான் நாலு வகை ஊசியே வந்துச்சு. வயக்காடு, வாய்க்கால், பன்னிப் பண்ணை பக்கத்துல இருக்கற நம்ம ஊர் நாய்க்கு நாலு வகை கெடைச்சா அதுதான் போடணும்ங்கறது என் அபிப்பிராயம், கெடைக்கலைன்னா ரெண்டு வகையாவது போடுங்க, எலி வகைதான் உயிர எடுக்கறது, அது ரெண்டு ஊசிலயும் இருக்கு.

இப்ப குப்பியப் பாருங்க. நாய்க்கு போடற இந்த கூட்டு ஊசி பெரும்பாலும் ரெண்டு குப்பியா வரும், ஒண்ணுல வெள்ளையா பில்லை மாதிரி ஒட்டிக்கிட்டு ஒரு பவுடர், இன்னொண்ணுல தண்ணி மாதிரி மருந்து. பவுடர்ல இருக்கறது டிஸ்டெம்பர், பார்வோ மாதிரி வைரஸ் சமாச்சாரம். லெப்டோ இருக்கறது அந்த தண்ணி குப்பிலதான்! சில பேரு அது வெறும் கரைக்கற தண்ணின்னு நெனச்சுக்கறாங்க. தண்ணி குப்பி ஒடைஞ்சு போச்சுன்னு ஸ்டெரைல் வாட்டர்ல பவுடர கரைச்சு போட்டா உங்க நாய்க்கு லெப்டோ ஊசி போடவே இல்லன்னு அர்த்தம், ஆனா புக்குல ஸ்டிக்கர் ஒட்டிருக்கும். சில ஊசில லெப்டோ இல்லாமயே வெறும் கரைப்பான்தான் வரும், அது அந்த பாக்கெட்லயே போட்டிருக்கும். அதனால டாக்டர் ரெண்டு குப்பியையும் எடுக்கறப்ப பக்கத்துல நின்னு கேளுங்க, தண்ணி குப்பியோட ஸ்டிக்கரையும் புக்குல ஒட்டச் சொல்லுங்க, நல்ல டாக்டர் யாரும் இதுக்கு கோவிச்சுக்க மாட்டாங்க.

ஐஸ் வேணும், ஆனா உறையக் கூடாது. 2ல இருந்து 8 டிகிரி. லெப்டோ செத்த கிருமி ஊசி, ப்ரீசர்ல வெச்சு கட்டியாச்சுன்னா கெட்டுப் போச்சு, உருக்கி போட்டாலும் வேலை செய்யாது. பாலக்காட்டுல வாங்கி பஸ்ல வர்றவங்க தெர்மாகோல் டப்பால ஐஸ் பேக் வெச்சு, குப்பி நேரா ஐஸ் மேல படாம நடுவுல ஒரு துணி இல்ல நியூஸ்பேப்பர் சுத்தி எடுத்துட்டு வாங்க. பொதுவா சொல்றேன், வாங்கிட்டு வந்து நீங்களே போட்டுக்காதீங்க, டாக்டர்கிட்டயே போடுங்க, போட்டு அரை மணி நேரம் அங்கயே இருங்க, சில நாய்க்கு, முக்கியமா சின்ன ஜாதி நாய்க்கு, மூஞ்சி வீங்கறது, வாந்தி வர்றதுன்னு அலர்ஜி ஆகலாம், அது உடனே பாத்தா சரி பண்ணிடலாம். காய்ச்சலோ கழிச்சலோ இருக்கற நாய்க்கு அன்னைக்கு வேண்டாம்.

ஒரு ஊசி பத்தாது. இத நான் ரொம்ப வேதனையோட எழுதறேன், எங்க கருப்பன் அப்படித்தான் போனான். நாட்டு நாய், கட்டுத்தறிலயே படுப்பான், எலி ஓடுனா விடவே மாட்டான். ரெண்டு மாசக் குட்டியா இருந்தப்ப ஒரு ஊசி போட்டேன், மூணு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க, நாத்து நடவுல மறந்தே போச்சு. மழைக்கு முன்ன போட்டாச்சேன்னு நானும் தைரியமா இருந்தேன். ஆவணில ரெண்டு நாள் சாப்பிடல, மூணாம் நாள் ஈறு பூரா மஞ்சள், மூத்திரம் நின்னு போச்சு. அஞ்சாம் நாள் இல்ல. அதுக்கப்புறம் வந்த நாய்க்குத்தான் புக்குல தேதி பாத்து போட்டது.

அதனால குட்டிக்கு எட்டு வாரத்துக்கு மேல மொத ஊசி, ரெண்டுல இருந்து நாலு வாரம் கழிச்சு ரெண்டாவது ஊசி, ரெண்டும் சேந்தாத்தான் பாதுகாப்பு, அதுவும் ரெண்டாவது போட்டு சில வாரம் ஆகணும். அப்புறம் வருசா வருசம் ஒண்ணு. பார்வோ ஊசி மூணு வருசம் தாங்கும்னு சொல்றாங்கல்ல, அது சரிதான், ஆனா அது லெப்டோவுக்கு பொருந்தாது, லெப்டோ ஒரு வருசம்தான். தேதி ரொம்ப தள்ளிப் போயி ஒன்றரை வருசம் ஆயிடுச்சுன்னா டாக்டர் திரும்ப மொதல்ல இருந்து ரெண்டு ஊசி போடச் சொல்லுவாங்க, ஒண்ணோட முடிச்சுக்கலாமான்னு பேரம் பேசாதீங்க. நம்ம ஊருக்கு கணக்கு இப்படி வெச்சுக்குங்க: விசு முடிஞ்ச வாரம் மொத ஊசி, மே மாசம் நடுவுல ரெண்டாவது, ஜூன் ஒண்ணாந்தேதி மழை வந்தா நாய் ரெடி. 2023ல அமெரிக்காவுல இருக்கற கால்நடை உள்மருத்துவ நிபுணர்கள் கூடி, வீட்டுக்குள்ளயே வளர்ற நாய் உட்பட எல்லா நாய்க்கும் வருசா வருசம் லெப்டோ ஊசி போடணும்னே சொல்லிட்டாங்க, நம்ம நாய் வாய்க்கால்ல எறங்கி தண்ணி குடிக்குது, யோசிக்கவே வேண்டியதில்ல.

மாட்டுக்கு?

இங்க நெலம வேற. கால்நடை ஆஸ்பத்திரி முகாம்ல போடற கோமாரி ஊசி, நாலுல இருந்து எட்டு மாசம் வயசு கெடாரிக் கன்னுக்கு போடற ப்ரூசெல்லா ஊசி, ரெண்டுலயும் லெப்டோ கெடையாது. ப்ரூசெல்லா போட்டாச்சு, இனி கன்னு வீசாதுன்னு நெனக்கறவங்க நெறைய பேரு, அது ப்ரூசெல்லாவால வீசறத மட்டும்தான் தடுக்கும். வெளிநாட்டுல மாட்டுக்குன்னே லெப்டோ ஊசி இருக்கு, ஹார்ஜோ மட்டும் இருக்கறது ஒண்ணு, அஞ்சு வகை சேந்தது ஒண்ணு, நாலு அல்லது ஆறு வார இடைவெளில ரெண்டு தடவ போட்டு வருசா வருசம் திரும்ப போடுவாங்க. நியூசிலாந்துல பால் கறக்கறவங்களுக்கு இந்த காய்ச்சல் நெறைய வந்துட்டு இருந்துச்சு, 1980கள்ல மாட்டுக்கு பரவலா ஊசி போட ஆரம்பிச்சதும் மனுசங்களுக்கு வர்றதே கொறைஞ்சுது. மாட்டுக்கு போட்ட ஊசி கறக்கறவன காப்பாத்திருக்கு, எனக்கு அதப் படிச்சப்ப நம்ம ஊருக்கும் இது வரணும்னு ரொம்ப ஏக்கமா இருந்துச்சு. இங்க முகாம்ல அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கறது டெஸ்ட்டு, வைத்தியம், தொழுவம் இந்த மூணும்தான். யாராச்சும் நாய் ஊசி மிச்சம் இருக்கு மாட்டுக்கு போட்டுப் பாக்கலாம்னு சொன்னா தயவு செஞ்சு வேண்டாம், அதுல ஹார்ஜோவே கெடையாது, மாட்டோட ஒடம்புக்கு ஏத்த அளவும் இல்ல.

டெஸ்ட்டு எப்படின்னா, ரத்தத்துல மேட்னு ஒரு டெஸ்ட் பண்ணுவாங்க, உயிரோட இருக்கற வேற வேற செரோவாரோட மாட்டோட சீரத்த, அதாவது ரத்தத்துல இருந்து பிரிச்ச தெளிஞ்ச தண்ணிய, சேத்து மைக்ரோஸ்கோப்ல பாத்து அதுல இருக்கற எதிர்ப்புப் பொருள் எதோட ஒட்டுதுன்னு பாக்கறது. இதுல ரெண்டு சிக்கல். ஹார்ஜோ வந்த மாடு கன்னு வீசற நேரத்துல ரத்தத்துல அந்த எதிர்ப்புப் பொருளோட அளவு எறங்கியே போயிருக்கலாம், ஏன்னா கிருமி வந்து பல வாரம் கழிச்சுத்தான் கன்னு விழும். அதனால ஒரு மாட்ட மட்டும் டெஸ்ட் பண்ணி இல்லைன்னு வந்தா நம்பாதீங்க, தொழுவத்துல இருக்கற எல்லா மாட்டுலயும் இல்ல எட்டு பத்து மாட்டுல எடுக்கச் சொல்லுங்க. ரெண்டாவது, ஊசி போட்ட நாய்க்கு ஊசியாலயே டெஸ்ட்ல கொஞ்சம் காட்டும், அதனால எப்ப எந்த ஊசி போட்டதுன்னு டாக்டர்கிட்ட சொல்லணும், ரெண்டு மூணு வாரம் கழிச்சு திரும்ப ரத்தம் எடுத்து அந்த அளவு நாலு மடங்கு ஏறிருக்கான்னு பாப்பாங்க. பிசிஆர், அதாவது கிருமியோட மரபணுவையே தேடற டெஸ்ட், பண்றதா இருந்தா மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எடுக்கணும், மொத வாரம்னா ரத்தம், அதுக்கப்புறம்னா மூத்திரம். நம்மாளுங்க மெடிக்கல்ல ஏதோ ஆன்டிபயாட்டிக் வாங்கி ரெண்டு நாள் போட்டுட்டு அப்புறம் டெஸ்ட்டுக்கு போறாங்க, அப்ப ஒண்ணும் தெரியாது.

மூத்திரம் செவப்பா போனா அது லெப்டோன்னே முடிவு கட்டிராதீங்க, நம்ம பக்கம் உண்ணிக் காய்ச்சல்லயும் அப்படித்தான் போகும், கன்னு போட்ட புதுசுல பாஸ்பரஸ் கொறைஞ்சாலும் போகும். மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

லெப்டோன்னு தெரிஞ்சா டாக்டர் ஸ்ட்ரெப்டோமைசின் இல்ல ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஊசி போடுவாங்க, சிறுநீரகத்துல உக்காந்திருக்கறத கழுவி விடறதுக்கு. அளவு அவங்க பாத்துக்கட்டும், நீங்க பாத்துக்க வேண்டியது அந்த பால சொசைட்டிக்கு ஊத்தாம அவங்க சொல்ற நாள் வரைக்கும் தனியா கொட்டறது. கஷ்டம்தான், தீனிச் செலவு கண்ணு முன்னாடி நிக்கும், ஆனா செய்யணும். ஊசி கெடைக்கற காலம் வந்தாலும் இத ஞாபகம் வெச்சுக்குங்க, ஏற்கனவே கிருமிய சுமக்கற மாட்டுக்கு தடுப்பூசி போட்டா சுமக்கறது நிக்காது, மொதல்ல மருந்து அப்புறம்தான் தடுப்பூசி.

ஹார்ஜோ தொழுவத்துக்குள்ள வர்ற வழி நாலு: சந்தைல வாங்குன மாடு, ஊர்க்காளை, ஆடு, பொதுவா ஓடற தண்ணி. பொள்ளாச்சி சந்தைல மாடு புடிச்சுட்டு வந்தா நேரா வரிசைல கட்டாதீங்க, மூணு நாலு வாரம் தனியா கட்டுங்க, அதோட மூத்திரம் ஓடற பக்கம் மத்த மாடு நிக்கக் கூடாது, டாக்டர கூப்ட்டு பாத்துட்டு சேருங்க. காளை சேக்கறத விட சினை ஊசிதான் பத்திரம், இந்த நோய் சேர்க்கைலயும் பரவும். செம்மறி ஆடும் ஹார்ஜோவ சுமக்கும், மாடும் ஆடும் ஒரே ஈரத்துல படுக்கறத மாத்துங்க. மேல் தோட்டத்து தொழுவம் கழுவுன தண்ணி ஓடி வர்ற வாய்க்கால்ல மாட்ட தண்ணி காட்டாதீங்க, போர் தண்ணி தொட்டில புடிச்சு வைங்க.

தரை சாய்ப்பு நான் போன வருசம் திருப்பிப் போட்டேன், செலவுல பாதி பிரயோஜனம் இதுலதான் கெடைச்சுது. முன்னல்லாம் ஒரு மாடு மூத்திரம் பேஞ்சா அடுத்த மாட்டோட தீனித் தொட்டி அடில போய் நிக்கும். இப்ப பின்பக்க ஓடைக்கு நேரா ஓடிடுது, மத்தியானத்துக்குள்ள தரை வெள்ளையா காஞ்சுடும். காஞ்ச எடத்துலயும் வெயில்லயும் இந்த கிருமி தாங்காது, ஈரம்தான் அதுக்கு உயிரு. வாரத்துக்கு ஒரு தடவ ப்ளீச்சிங் பவுடர் கரைச்சு ஓடைல ஊத்தறேன், சாணிய மொதல்ல வழிச்சு எடுத்துட்டுத்தான், சாணி மேல ஊத்துனா ப்ளீச்சிங் வேலை செய்யாது. தவுடு, புண்ணாக்கு மூடி போட்ட ட்ரம்ல. திறந்து வெச்ச மூட்டை மேல எலி மூத்திரம் பேஞ்சா கண்ணுக்கு தெரியாது.

நமக்கு. கறக்கறப்ப மாடு மூத்திரம் பேஞ்சா மூஞ்சில தெறிக்கும்ல, அதுதான் வழி, கண்ணு, வாய், கையில இருக்கற வெடிப்பு. பூட்ஸ் போடுங்க, கையில காயம் இருந்தா கையுறை, தெறிச்சா உடனே சோப்பு போட்டு கழுவுங்க. 2018 வெள்ளத்துக்கப்புறம் கேரளா பூரா வாரத்துக்கு ஒரு தடவ டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் சாப்பிடச் சொன்னாங்கல்ல, சேத்துலயும் தொழுவத்துலயும் வேலை செய்யறவங்களுக்கு அது இப்பவும் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டு வாங்கலாம், கர்ப்பமா இருக்கறவங்களும் கொழந்தைங்களும் டாக்டர கேக்காம சாப்பிடக் கூடாது. மனுசனுக்கு நம்ம நாட்டுல வழக்கமா போடற லெப்டோ ஊசி கெடையாது, அதனால காய்ச்சல் வந்து கெண்டைக்கால் சதை தொட்டா வலிக்குது, கண்ணு செவந்திருக்குன்னா கசாயம் குடிச்சுட்டு படுத்துக்காதீங்க, டாக்டர்கிட்ட போயி மொத வார்த்தையா "நான் மாடு வெச்சிருக்கேன்"னு சொல்லுங்க. அது சொல்லலைன்னா அவங்களுக்கு வைரல் காய்ச்சல்னுதான் தோணும்.

கடைசியா கன்னு வீசுனா என்ன பண்றதுன்னு. நாய் இழுத்துட்டுப் போக விடாதீங்க, நஞ்சுக்கொடிய வெறுங்கையில தொடாதீங்க, வாய்க்கால்ல விடவே விடாதீங்க. டாக்டருக்கு போன் பண்ணி மாதிரி எடுக்கணுமான்னு கேட்டுட்டு, ஆழமா குழி வெட்டி ப்ளீச்சிங் பவுடர் போட்டு மூடுங்க, மாடு நின்ன எடத்த கழுவி காய விடுங்க. அந்த மாட்ட தனியா கட்டிட்டு, மத்த சினை மாடுங்களோட தேதியும், எது எப்ப பால் கொறைஞ்சுதுங்கறதையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்து டாக்டர் வர்றப்ப காட்டுங்க, எங்க வீட்ல அந்த ஜெர்சி பால் எறங்குன தேதிய பால் சொசைட்டி புக்குல பாத்துத்தான் டாக்டரம்மா ரெண்டையும் சேத்து யோசிச்சாங்க.